இடது முட்டிக்கான ஜெபம்

அந்தச் சபை ஜெபம் செய்தால் ஓடுகிற ரயில் நின்று, "என்ன விஷயம்?" என்று கேட்டுவிட்டுத்தான் போகும். சரி, ரயில் நின்றதில்லை. ஒரு தடவை பஸ் நின்றது, அதுவும் டயர் வெடித்து. ஆனால் பூட்டுக்காரரின் இடது முட்டிக்காக ஒன்பது வருடம் ஒரு ஞாயிறுகூட விடாமல் ஜெபித்தார்கள் என்பதில் துளியும் கூட்டல் இல்லை. அந்த முட்டி மூன்றே மாதத்தில் குணமாகிவிட்டது என்பதிலும் இல்லை.

சபை சின்னது. பன்னிரண்டு பெஞ்சு, நான்கு மின்விசிறி, எல்லாரும் வந்தால் எழுபது பேர். பூட்டுக்காரர் அங்கே வந்ததே வேலையாகத்தான். பாட்டுப் புத்தக அலமாரியின் சாவி தொலைந்துபோக, ஒரு சனிக்கிழமை அவரை அழைத்தார்கள். பூட்டைத் திறந்துவிட்டு, "சாவி நாளைக்குத் தரேன்" என்றார். மறுநாள் ஞாயிறு. சாவியோடு வந்தவரைப் பிடித்து நாலாவது பெஞ்சின் ஓரத்தில் உட்காரவைத்தார்கள். இருபது வருடமாக அவர் அந்த ஓரத்தை விட்டு நகரவில்லை.

அவர் கடையில் நின்று இரண்டு கையையும் விரித்தால் இரண்டு சுவரும் தட்டும். சாவி வெட்டும் இயந்திரம், நான்கு அரம், ஒரு ஸ்டூல், எங்கே தொட்டாலும் விரலில் ஒட்டும் பித்தளைத் தூள். மாடியில் ஒற்றை அறை. மனைவி போய்ச் சேர்ந்த பிறகு அந்த அறையில் பேசுவது ரேடியோ மட்டும்தான். வெளியூரில் இருக்கும் மகள் வாரம் ஒருமுறை போன் செய்வாள். சாப்பிட்டாச்சா, மாத்திரை போட்டாச்சா என்று இரண்டே கேள்வி. இரண்டுக்கும் ஆமாம் என்றால் பேச்சு முடிந்தது.

ஒருநாள் ஷட்டர் பூட்டு மாற்றும்போது ஏணி சறுக்கி விழுந்தார். அந்த ஞாயிறே ஆராதனைத் தாளின் பின்பக்கத்தில், சுகவீனர் பட்டியலில் ஏறினார்: "பூட்டுக்காரர் – இடது முட்டி." பட்டியலில் ஏறியவர் வீட்டுக்குப் புதன்கிழமை சாயங்காலம் சபையிலிருந்து இருவர் போய்ப் பார்த்து, ஜெபித்துவிட்டு வருவார்கள். பெரும்பாலும் பஸ் கண்டக்டரும் பேக்கரிக்காரம்மாவும் வந்தார்கள். ஜெபம் ஐந்து நிமிடம், பேச்சு ஒன்றரை மணி நேரம். பஸ்ஸில் யார் யாரோடு சண்டை போட்டார்கள் என்று கண்டக்டர் நடித்தே காட்டுவார். பூட்டுக்காரர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

மூன்றாம் மாதம் வலி போயிற்று. அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று நினைத்தார். அடுத்த வாரம் கண்டக்டர் ஒரு கதையைப் பாதியில் விட்டுப் போனார். மீதியைக் கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்று தள்ளினார். தள்ளித் தள்ளியே வருடங்கள் போயின. பட்டியல் தயாரித்தவரோ தேதியை மட்டும் மாற்றி நகல் எடுக்கிறவர். பூட்டுக்காரருக்கு நொண்டவும் சரியாக வராது.

"அண்ணே, போன வாரம் அந்தப் பக்கம்ல நொண்டினீங்க?" என்பார் கண்டக்டர்.

"வலி ஒரே இடத்துல இருக்குமா தம்பி? அதுவும் நாலு இடம் பாக்கணும்ல."

இப்படிப் போய்க்கொண்டிருந்த வண்டிக்குத் தடை போட வந்தார் புதுச் செயலாளர் அம்மா. முப்பது வருடம் அலுவலகத்தில் கோப்பு பார்த்தவர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பட்டியலைப் படித்தார். அதில் ஒருவர் ஊரையே விட்டுப் போயிருந்தார்; பிரசவத்துக்காகப் பெயர் கொடுத்த ஒருத்தியின் பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தது. ஒவ்வொருவரையும் நேரில் பார்த்து விசாரிக்கப்போவதாக ஞாயிறன்று அறிவித்தார். குணமானவர்கள் சபையில் எழுந்து நன்றி சொல்ல வேண்டும், பெயர் எடுக்கப்படும்.

பூட்டுக்காரர் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் கணக்குப் போட்டார். பெயர் போனால் புதன்கிழமை போகும். உண்மை தெரிந்தால், கூப்பிட்டாலும் ஒருவரும் வரமாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை அம்மா கோப்போடு கடைக்கு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"முட்டி எப்படி இருக்கு?"

"மழைக்குக் கொஞ்சம் வலிக்கும்மா."

"மழை பெஞ்சு நாலு மாசமாச்சு." எழுதிக்கொண்டே நிமிர்ந்தவர் சுவரைப் பார்த்தார். இரண்டு ஆணிகளுக்கு நடுவே படுக்கைவாட்டில் ஒரு கைத்தடி. அதில் கொத்துக் கொத்தாக வெட்டாத சாவிகள். "அந்தக் கைத்தடியில என்ன தொங்குது?"

"சாவிம்மா."

"அப்போ எதை வச்சு நடக்குறீங்க?"

"காலை வச்சுத்தான்," என்றார் பூட்டுக்காரர். சொன்ன பிறகுதான் வாயை மூடினார்.

அம்மா பேனாவை மூடினார். "நான் சொன்னா நல்லா இருக்காது. ஞாயித்துக்கிழமை நீங்களே சொல்லிடுங்க."

ஞாயிறன்று பாஸ்டர், "சாட்சி சொல்ல விரும்புறவங்க எழுந்திருக்கலாம்" என்றதும் பூட்டுக்காரர் எழுந்தார். முன் பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"முட்டி சரியாயிடுச்சு. ஆண்டவருக்கு நன்றி. ஆனா இப்ப இல்ல. விழுந்து மூணாவது மாசமே சரியாயிடுச்சு. சொன்னா புதன்கிழமை வரமாட்டீங்கன்னு சொல்லல. தப்புதான்."

உட்கார்ந்துவிட்டார்.

"ஐயோ, அந்த முட்டிக்காக நான் ரெண்டு நாள் உபவாசம் இருந்தேனே!" என்றார் பேக்கரிக்காரம்மா.

"வீண்போகலையே அக்கா, அதான் குணமாயிடுச்சுல்ல?" என்றார் கண்டக்டர்.

சில பேர் சிரித்தார்கள், சில பேர் சிரிக்கவில்லை. பின்வரிசையில் யாரோ, "ஒன்பது வருஷமா பொய் சொல்லியிருக்காரே!" என்றது நன்றாகவே கேட்டது. பாஸ்டர் செயலாளர் அம்மாவைப் பார்த்தார். அவர் எழுந்து, கோப்பிலிருந்து வாசித்தார்.

"சுகவீனர் பட்டியல்ல இருந்து பேர் எடுத்தாச்சு. அடுத்த விஷயம். புதன்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம் வைக்க மூணு வாரமா வீடு கிடைக்கல. யார் வீட்டுல வைக்கலாம்?"

நாலாவது பெஞ்சின் ஓரத்திலிருந்து குரல் வந்தது. "என் ரூம்ல நாலு பேருக்கு மேல உட்கார முடியாதும்மா."

"வரவங்க வரட்டும்," என்று எழுதிக்கொண்டார் அம்மா.

புதன்கிழமை பூட்டுக்காரர் நாலு மணிக்கே கடையை அடைத்தார். கட்டிலை மடக்கிச் சுவரோடு நிறுத்தினார். பக்கத்துத் தையல்கடையில் மூன்று நாற்காலி இரவல் வாங்கினார். ஆறு மணி என்று சொல்லியிருந்தது. ஆறு அடித்தது. ஆறேகாலும் ஆயிற்று. ரேடியோவைப் போட்டார், அணைத்தார். ஒரு நாற்காலியையாவது திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று தூக்கிக்கொண்டு படியிறங்கப் போனவர் அப்படியே நின்றார். கீழே, "அண்ணே, நாற்காலியை எங்க கொண்டு போறீங்க? நாங்க என்ன நின்னுக்கிட்டா பாடணும்?" என்று கண்டக்டரின் குரல்.

அவருக்குப் பின்னால் பேக்கரிக்காரம்மா, கையில் ரொட்டிப் பொட்டலத்தோடு. அவருக்குப் பின்னால் செயலாளர் அம்மா. அதற்குப் பின்னால் வந்தவர்களை எண்ணி மாளாது. அறை நிரம்பி, மாடிப்படி நிரம்பி, கடை வாசல் தாண்டித் தெரு முனை வரை நாற்பது பேர் நின்று பாடினார்கள். போக்குவரத்தே தடைப்பட்டது.

நான் இதை எழுதி வாசித்துக் காட்ட, கேட்டுக்கொண்டிருந்த செயலாளர் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "ஆறு பேர். வருகைப் பதிவு என்கிட்ட இருக்கு. அதுலயும் ஒருத்தர் சைக்கிள் பூட்டு ரிப்பேருக்கு வந்தவர்."