ஒரு பிடி குளிர்

துறையூர் அரிசி மில் வேலையை விட்டுவிட்டு நடந்துகொண்டிருந்தேன். ஐம்பத்தொன்பதாம் வருஷத்துக் கோடை. கொள்ளிடம் பாலம் தாண்டி, ஸ்ரீரங்கமும் தாண்டி, திருச்சி காந்தி மார்க்கெட் பக்கம் வந்தபோது மத்தியானம். முந்தின நாள் சாப்பிட்டதுதான்.

ஒரு சோடா கம்பெனி வாசலில், வண்டியிலிருந்து இரும்பு சிலிண்டரை இறக்க முடியாமல் அதன் முதலாளி பாய் நின்றிருந்தார். சோடாவில் ஏற்றும் வாயு அதில்தான் வரும். கை கொடுத்தேன்.

"உள்ள நிமித்தி வைங்க தம்பி. சோறு போடச் சொல்றேன்" என்று பின்கட்டுக்குப் போனார்.

கனம் தாங்காமல் நான் அதைச் சாக்குகளின் மேல் தலைகீழாகச் சாய்த்தேன். மில்லில் மூட்டை வந்தால் குத்தூசியால் குத்தி ஒரு பிடி எடுத்துப் பார்ப்போம். அந்தப் பழக்கத்தில் சிலிண்டர் வாயிலிருந்த திருகைத் திறந்துவிட்டேன். சீறிக்கொண்டு புகை வந்தது. பயந்து மூடினேன். சாக்கின் மேல் அரிசி மாவு போல வெள்ளையாக ஏதோ கிடந்தது. வியர்த்த கையால் ஒரு பிடி அள்ளி இறுக்கினேன்.

நெருப்பை அள்ளியது போல இருந்தது. உதறினால் விழவில்லை. தோலோடு ஒட்டிக்கொண்டது.

என் அலறல் கேட்டு ஓடிவந்த பாய், பாட்டில் கழுவும் தொட்டிக்குள் என் கையை அமுக்கினார். "தேய்க்காதீங்க, தோல் உரிஞ்சு வந்துடும்!"

கை போனால் மூட்டை தூக்க முடியாது; தூக்காவிட்டால் சோறு கிடையாது. அது ஒன்றுதான் மனதில் ஓடியது.

"விரல் அசையுதா?"

அசைந்தது.

"வாயில போட்டுப் பாக்காம விட்டீங்களே, அல்ஹம்துலில்லாஹ்!" என்று சிரித்தார்.

அந்த வாயு வெளியே வந்ததும் அப்படி உறைந்துவிடுமாம். ஐஸைவிட எழுபத்தெட்டு டிகிரி கூடுதல் குளிராம். சாக்கில் மிச்சம் கிடந்தது தண்ணீராக உருகவே இல்லை. பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருங்கிச் சுருங்கிக் காணாமல் போனது. எரிச்சலை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கொப்புளத்துக்குத் துணி சுற்றி, சொன்னபடி சோறும் போட்டார்.

"அடுத்து எந்த ஊரு?"

"இந்தக் கைய வச்சுக்கிட்டு எங்கங்க போறது?"

"இடது கை நல்லாத்தானே இருக்கு? காலைல வாங்க."

மறுநாள் காலை, இடது கையால் சோடா மிஷின் சக்கரத்தைச் சுற்றத் தொடங்கினேன். ஒரு கை கெட்டாலும் மிச்சமிருக்கும் கையைப் பார்த்து வேலை கொடுக்க ஆள் உண்டு என்ற அந்தத் தைரியத்தில்தான் பிறகு எத்தனையோ ஊர்களுக்கு நடந்திருக்கிறேன்.