ஞாயிற்றுச் சந்தையில் உடைத்த பூசணி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அலுவலகத்தில் எல்லோருக்கும் அது தெரியும். குடியிருப்புக்குக் காய்கறி கொண்டுவரும் தள்ளுவண்டிக்காரர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். தொண்ணூறுகளின் பின்பாதியில் டெல்லி மோதி பாக் அரசுக் குடியிருப்பில் நாங்கள் ஒரு ஞாயிற்றுச் சந்தை தொடங்கியதற்கும் என் கோபம்தான் காரணம். வாடிப்போன கீரைக்குத் தண்ணீர் தெளித்துப் புதுசு என்று விற்ற ஒருவனோடு சண்டை போட்டுவிட்டு, இந்த ஊரில் கீரை எங்கேதான் விளைகிறது என்று கேட்டேன். யமுனைக் கரையில் என்றான். அடுத்த சனிக்கிழமை பஸ் பிடித்துப் போய்விட்டேன்.

யமுனைப் பாலத்தை ஒட்டி இறங்கும் மண்பாதையில் பத்து நிமிடம் நடந்தால் டெல்லி முடிந்துபோகிறது. பின்னால் லாரிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும், முன்னால் பாலக் கீரையும் முள்ளங்கியும் காலிஃபிளவரும். நிலம் யாருடையதோ. குத்தகைக்கு எடுத்துப் பயிரிடுகிறவர்கள் கோரைப்புல் வேய்ந்த குடிசைகளில் அங்கேயே இருந்தார்கள். விளைந்ததை விடியுமுன் மண்டிக்கு ஏற்றிவிட்டு, கொடுத்த விலையை வாங்கிக்கொள்வார்கள். நான் முதலில் பேசியது ஒரு குடிசை வாசலில் முள்ளங்கி கழுவிக்கொண்டிருந்த பெண்ணிடம். என் வயதுதான் இருக்கும். குடிசைக் கூரை முழுக்க வெள்ளைப் பூசணிக் கொடி. சாம்பல் பூத்த காய்கள் மேலே வரிசையாக உட்கார்ந்து எங்களைப் பார்ப்பதுபோல இருந்தது.

நேராக எங்கள் குடியிருப்புக்கே வந்து விற்கலாமே என்றேன். அவள் யோசிக்கக்கூட இல்லை, வருகிறேன் என்றாள். பிறகு எனக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டாள். ஒரே பையன், ஒன்பது வயது என்றேன். தனக்கும் ஒரே பையன், பத்து நடக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள். அவன் தூரத்தில் பாத்திக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தான். அவள் பேசியது இந்தி. என் காதில் இருக்கிறபடி அவள் பேச்சைத் தமிழிலேயே எழுதுகிறேன்.

ஆறு குடும்பங்கள் ஒரே டெம்போவில் வருவது என்று முடிவானது. எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர் ஓய்வுபெற்ற செக்‌ஷன் ஆபீசர், கும்பகோணத்துக்காரர். பூங்காவில் இடம் வாங்கித் தந்தது அவர்தான். ஆயுத பூஜை முடிந்து வருகிற ஞாயிற்றுக்கிழமை தொடக்கம். "புதுசா ஒரு காரியம் ஆரம்பிக்கறோம். வாசல்ல ஒரு பூசணிக்காய் உடைச்சுத் திருஷ்டி கழிச்சுட்டுத்தான் ஆரம்பிக்கணும்" என்றார். காய் வாங்கும் வேலை என் தலையில் விழுந்தது.

நான் கேட்டதும் அவள் கூரையில் இருந்த முதல் காயைக் காட்டினாள். அதை அவள் தொடவில்லை, கணவனைக் கூப்பிட்டாள். அவன் அரிவாளால் காம்பை அறுத்து இறக்கினான். "வீட்டில ஆம்பளையை வெட்டச் சொல்லு பெஹன்ஜி. நீ வெட்டாதே" என்றாள். காயின் கனத்தைச் சொல்கிறாள் என்று நினைத்து, சரி சரி என்று தலையை ஆட்டினேன். எதற்கு வாங்குகிறோம் என்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கூட்டு வைப்போம் என்று நினைத்திருப்பாள்.

தொடக்க நாள் காலை ஏழு மணிக்கே டெம்போ வந்துவிட்டது. கீரைக்கட்டுகளில் இன்னும் ஈரம் இருந்தது. எங்கள் குடியிருப்புப் பெண்கள் பையும் கையுமாக நின்றார்கள். பூங்கா வாசலில் கோலம் போட்டு, பூசணியின் தலையில் சின்னச் சதுரமாகக் குடைந்து, உள்ளே குங்குமத்தைக் கரைத்து ஊற்றிச் சில்லறையும் போட்டு வைத்திருந்தோம். உடைக்கவேண்டிய தலைவர், சிறப்பு விருந்தினரை அழைத்துவரப் போனவர், திரும்பவில்லை. எட்டு ஆனது. எட்டரை ஆனது. வெயில் ஏறி, கீரை துவளத் தொடங்கியது. வாடின கீரையை எதிர்த்துத்தான் இந்தச் சந்தையே. எனக்குப் பொறுக்கவில்லை. கற்பூரத்தை ஏற்றிவிட்டுக் காயைத் தூக்கினேன்.

"ஏளா, ஒனக்கு எதுக்கு இந்த வேலை? அவிய வந்துரட்டும்" என்றார் என் கணவர். அவருக்குத் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் ஊரிலும் பெண்கள் பூசணி உடைப்பதில்லை. ஏன் என்று யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. "ஏன், எங் கை ஒடிஞ்சா போவும்?" என்று சொல்லிவிட்டு, மூன்று சுற்றுச் சுற்றி வாசலில் ஓங்கிப் போட்டேன்.

காய் சிதறியது. சிவப்பு நீர் கோலத்தின் மேல் ஓடியது. வழக்கம்போலப் பிள்ளைகள் சில்லறை பொறுக்கப் பாய்ந்தார்கள், முதலில் பாய்ந்தது என் மகன். இரண்டு ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். அவனுடைய வெள்ளைச் சட்டையில் வயிற்றுப் பக்கம் சிவப்பாக ஐந்து விரல்களும் பதிந்திருந்தன. அப்போதுதான் அந்தப் பெண் அலறினாள். அப்படி ஓர் அலறலை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

முக்காட்டை வாயில் வைத்துக்கொண்டு அவள் ஓடி வந்தாள். "இது யார் பிள்ளை?" என்றாள். என் பிள்ளை என்றேன். என்ன செய்துவிட்டாய், என்ன செய்துவிட்டாய் என்று இரண்டு முறை கேட்டாள். முழுப் பூசணி என்றால் தலைமகன், அதை ஒரு தாய் வெட்டினால் பெற்ற மகனை வெட்டினது போல, அவர்கள் ஊரில் எந்தப் பெண்ணும் அந்தக் காரியம் செய்யமாட்டாள் என்று விக்கி விக்கிச் சொன்னாள். பிறகு தரையில் உட்கார்ந்து துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டாள். துண்டுகள் முடிந்ததும் விதைகளைப் பொறுக்கினாள். எண்ணிக்கொண்டே பொறுக்கினாள். "எங்க வீட்டுக் கூரையில காய்ச்சது. நான் வெட்டினதா இருந்துட்டுப் போகட்டும்" என்றாள். யாரிடம் சொன்னாள் என்று எனக்குத் தெரியவில்லை. என்னைப் பார்த்துச் சொல்லவில்லை.

நான் சிரித்தேன். அதையும் எழுதிவிடுகிறேன். படித்தவள், ஒரு அமைச்சகத்தில் அசிஸ்டென்ட், நாலு பேர் பார்க்கிறார்கள். என்ன செய்வது என்று தெரியாமல் சிரித்தேன்.

சந்தை நன்றாகத்தான் போனது. ஆனால் வாசலில் அந்தச் சிவப்புக் கறை போகவில்லை. துப்புரவுத் தொழிலாளி பெருக்கிக்கொண்டே வந்து, அந்த இடம் வந்ததும் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போனார். தள்ளுவண்டிகள் மறுபக்கம் திரும்பின. இந்தி பேசும் அண்டைவீட்டுக்காரர்கள் பின்பக்க வேலியை விலக்கிக்கொண்டு பூங்காவுக்குள் வந்தார்கள். நானே இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். காய்ந்தபின் பார்த்தால் அப்படியே இருந்தது. பத்து நாள் கழித்துப் பால் வாங்கப் போகும்போது, நானும் அதைச் சுற்றித்தான் நடக்கிறேன் என்பதைக் கவனித்தேன்.

ஒவ்வொரு ஞாயிறும் டெம்போவிலிருந்து இறங்கியதும் அவள் முதலில் கேட்பது என் பையனைத்தான். அவனைக் கூப்பிட்டு நெற்றியில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். பிறகுதான் சாக்கை விரிப்பாள். அவனுக்கு அது பிடிக்கவில்லை. "மம்மி, அந்த ஆன்ட்டி கை ஐஸ் மாதிரி இருக்கு" என்றான். எனக்கும் பிடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்லவும் வாய் வரவில்லை. ஒருவேளை அவள் கை படுவதால்தான் ஒன்றும் நேராமல் இருக்கிறதோ என்று ஒரு நினைப்பு எனக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. இதைக் கணவரிடம் சொல்ல வெட்கமாக இருந்தது.

நாலாவது வாரம் பையனுக்குக் காய்ச்சல் வந்தது. அந்தப் பருவத்தில் டெல்லியில் வீட்டுக்கு வீடு காய்ச்சல்தான். கொசுக் காய்ச்சல், ரத்தத்தில் தட்டணுக்கள் குறைந்துவிட்டன என்று மருத்துவமனையில் சேர்த்தார்கள். ஒரே கட்டிலில் இரண்டு பிள்ளைகள். நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் பட்டப்பகலில் அவன் கண்ணைத் திறந்து கட்டிலின் கால்மாட்டையே பார்த்தான். "மம்மி, அந்த ஆன்ட்டி பொறுக்கிட்டிருக்காங்க" என்றான். பிறகு இந்தியில் முணுமுணுவென்று எண்ணத் தொடங்கினான். இக்கீஸ், பாயீஸ், தேயீஸ். கால்மாட்டில் யாரும் இல்லை. காய்ச்சல் மூளைக்கு ஏறினால் இப்படித்தான் பேசுவார்கள் என்று நர்ஸ் சொன்னார். இருக்கலாம். அவன் வாயைப் பொத்திவிடலாமா என்றுகூடத் தோன்றியது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அவள் சந்தைக்கு வந்து என் பையனைத் தேடியதாகப் பிறகு தெரிந்தது. ஆஸ்பத்திரியில் இருக்கிறான் என்று தலைவர் சொல்லியிருக்கிறார். கொண்டுவந்த கீரையை விரிக்காமல், சாக்கை அப்படியே விட்டுவிட்டு அவள் நடந்தே போய்விட்டாளாம். "நான் சொன்னதும் அந்தப் பொண்ணு வானத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டா, போயிட்டா" என்றார் தலைவர்.

மறுநாள் காலை என் பையனுக்கு ஜுரம் இறங்கியது. பிஸ்கட் கேட்டான். இந்தக் காய்ச்சல் இத்தனையாவது நாள் இறங்கும் என்பது கணக்கு, அப்படியே இறங்கியிருக்கிறது என்றார் டாக்டர். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

அதற்கடுத்த மூன்று ஞாயிறும் அந்தக் குடும்பம் வரவில்லை. மற்ற ஐந்து குடும்பங்கள் வந்தன. ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, வீட்டில் யாருக்கோ காய்ச்சல் என்றார்கள். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. எந்த மருத்துவமனைக்குப் போகவேண்டும், யாரைப் பிடித்தால் ரத்தம் கிடைக்கும் என்பதெல்லாம் எனக்கு அப்போது அத்துப்படி. ஒரு பஸ் ஏறியிருந்தால் போதும். கீரைக்காக ஓடியவள் இதற்குப் போகவில்லை. போனால் அந்தக் குடிசையில் எதைப் பார்ப்பேனோ என்ற பயம். பார்க்காதவரைக்கும் எதுவும் நடக்கவில்லை என்று இருந்துகொண்டேன்.

நாலாவது ஞாயிறு வந்தார்கள். குளிர் தொடங்கிவிட்டது, பூங்காவில் புகைமூட்டம். டெம்போவிலிருந்து மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்த அவள் கணவன் தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தான். தலை மொட்டை. மழித்துச் சில நாள்தான் ஆகியிருக்கும். வீட்டில் சாவு விழுந்தால் அவர்கள் பக்கத்து ஆண்கள் அப்படி மழித்துக்கொள்வார்கள். குடிசையில் அவர்கள் மூன்று பேர்தான் என்பது எனக்குத் தெரியும்.

அந்த நிமிடத்தில் எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. அப்பாடா என்று இருந்தது. இனி என் பையனுக்கு ஒன்றும் ஆகாது, முடிந்துவிட்டது, இறங்கவேண்டிய இடத்தில் இறங்கிவிட்டது என்று நெஞ்சு லேசானது. துக்கம் அதற்குப் பிறகுதான் வந்தது. இத்தனை வருடத்தில் அந்த வரிசையை என்னால் மாற்ற முடியவில்லை. நிமிர்ந்தபோது அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துவிட்டாள் என்று தெரிந்தது.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பேன். அவள் என்னைத் தாண்டி, மட்டையும் பந்துமாக நின்ற என் பையனிடம் போனாள். குனிந்து அவன் நெற்றியில் உள்ளங்கையை வைத்தாள். ஜுரம் இல்லை என்று உறுதியாகும்வரை வைத்திருந்தாள்.

"போகட்டும், ஒண்ணாவது பிழைச்சுதே" என்றாள்.

பிறகும் அவள் கையை எடுக்கவில்லை. அவன் முடியை ஒதுக்கினாள், காதைத் தடவினாள், கன்னத்துக்கு வந்தாள். நான் எட்டி என் பையனை என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.