நகப்பூச்சு வைத்த நாற்காலிகள்

மலேசியாவின் பத்து காஜா ஊர்ச் சந்தையில் ஒரு பெண் என் எண் தன்னிடம் இருக்கிறது என்று கைபேசியைத் திறந்து காட்டினாள். ‘சாவு கெமா அக்கா’ என்று பதிந்து வைத்திருந்தாள். வாடகைக் கூடாரத்தை எங்கள் பக்கம் கெமா என்போம். எனக்குச் சுருக்கென்றது. அவளோ சாதாரணமாக வெண்டைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

கையுறைத் தொழிற்சாலையில் ஆட்குறைப்பு செய்தபோது வந்த இழப்பீட்டில் பழைய லாரியும் கூடாரமும் வெள்ளை நாற்காலிகளும் வாங்கி இந்தத் தொழிலைத் தொடங்கினேன். ஈப்போவில் கல்யாணக் கூடாரம் போடும் ஆண்கள் தெருவுக்கு ஒருவர் இருந்தார்கள். சாவு வீட்டுக்குக் கூப்பிட்டதும் வர ஆள் இல்லை. நான் ஒரு மணி நேரத்தில் போய் நின்றேன். வேலையாட்கள் இருவர் கம்பிகளை நிறுத்த, நானும் சேர்ந்து தார்ப்பாயை இழுத்துக் கட்டுவேன். துக்க வீட்டில் ஒருவரும் ‘ஆம்பள வரலையா’ என்று கேட்டதில்லை. கல்யாண வீட்டுக்காரர்களுக்கு மட்டும் நான் ஆகாதவள்.

சரி, சாமான்தான் பிரச்சினை போலிருக்கிறது என்று, இருந்த சேமிப்பையும் போட்டுக் கல்யாணத்துக்கென்று தனிச் செட் வாங்கினேன். பொன்னிறத் திரை வைத்த கூடாரம், இருநூறு சிவப்பு நாற்காலி. மற்றவர்களுடைய சிவப்போடு கலந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றின் அடியிலும் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தேன். முதுகு ஒடிந்தது. இரண்டு வருடம் அந்தச் செட் வெளியே போகாமல் கொட்டகையில் கிடந்தது. “வீட்டுல கேட்டுட்டு சொல்றோம்கா” என்று போனவர்கள் இன்னும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

இந்த நேரத்தில் என் தங்கை மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவள் வீட்டு வாசலில் ஒரே ஒரு முறை போட்டுவிட்டால் போதும், பார்க்கிற சொந்தமெல்லாம் பிறகு தானாகக் கூப்பிடும் என்று நம்பினேன். எங்கள் அப்பா பால்மரம் சீவிய ரப்பர்த் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில்தான் தங்கை வீடு. போய் உட்கார்ந்து பேச்சை எடுத்தேன்.

“அக்கா, கோச்சுக்காதலா. காம்பார் டவுன்ல கெமா போடுற ஒரு அண்ணே இருக்காரு, அவர்ட்ட சொல்லிட்டோம்.”

“ஏன், என்கிட்ட புது செட் இருக்கே. ஒரு சாவு வீட்டுக்கும் போனதில்ல.”

“சாமான் புதுசுதான்க்கா. ஆளு நீதானே.”

கலக்கி வைத்த மைலோவை அப்படியே விட்டுவிட்டு எழுந்து வந்தேன். வழி நெடுக லாரியில் தனியாக அவளோடு சண்டை போட்டேன். ரொம்ப நன்றாகவே பேசினேன், கேட்கத்தான் அவள் இல்லை.

கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பு அந்தக் காம்பார்க்காரரே கூப்பிட்டார். “அக்கா, ஒரே நாள்ல மூணு கல்யாணம் மாட்டிக்கிச்சு. ஒங்க செவப்பு செட்டு சும்மாதானே கெடக்கு? லாரி அனுப்புறேன், குடுங்க.” மூன்றில் ஒன்று எந்த வீடு என்று எனக்குத் தெரியும். மற்ற இரண்டில் ஒன்றுக்காக இருக்கும் என்று நினைத்துக் கொடுத்தேன்.

கல்யாணத்தன்று பட்டுச் சேலையோடு தங்கை வீட்டு வாசலில் இறங்கினால், பொன்னிறத் திரை. நுழைவாயிலில் காம்பார்க்காரர் கடைப் பெயர் போட்ட பேனர். உட்கார்ந்து நாற்காலிக்கு அடியில் கைவிட்டுத் தடவினேன். என் பொட்டு விரலில் நெருடியது. தங்கை பன்னீர்ச் செம்போடு வந்து குனிந்து, “பாத்தியாக்கா, அண்ணே எவ்ளோ அழகா போட்டுருக்காரு!” என்றாள். மணமேடைக்கு எதிரே சண்டை வேண்டாம், மறுவீடு விருந்தெல்லாம் முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். என்னென்ன சொல்ல வேண்டும் என்று வார்த்தைகளைக்கூட அடுக்கி வைத்துக்கொண்டேன்.

மூன்றாவது வாரம், காலையில் தங்கை கூப்பிட்டாள். ஈப்போவில் மாப்பிள்ளையின் அப்பா போய்விட்டார். அவருக்கு நெஞ்சுக் கோளாறு இருந்தது ஊருக்கே தெரியும். “அக்கா, ஒடனே வா. நீதான் வரணும்” என்று அழுதாள். இதற்கு நான்தான் வர வேண்டும்.

வெள்ளை நாற்காலிகளை இறக்கி வரிசை போட்டுக்கொண்டிருந்தபோது, தங்கை என் கையைப் பிடித்து லாரிக்குப் பின்னால் இழுத்துப் போனாள்.

“அவங்க வீட்டு ஆளுங்க, என் பொண்ணு வந்த நேரம்னு இப்பவே ஆரம்பிச்சுட்டாங்கக்கா. நல்லவேளை, அன்னிக்கு ஒன் நாற்காலியப் போடல. போட்டிருந்தா அதையும் சேத்து அவ தலையில கட்டியிருப்பாங்க.”

மூன்று வாரமாக அடுக்கி வைத்திருந்ததெல்லாம் தொண்டைக்கு வந்தது. சொல்லியிருந்தால் அன்றே நான் ஜெயித்திருப்பேன். ஆனால் கல்யாணத்தில் போட்டதும் என் நாற்காலிதான் என்பது காற்றாய்ப் பரவி, சாயங்காலத்துக்குள் உள்ளே இருக்கும் அந்த ஆட்களின் காதுக்குப் போயிருக்கும்.

வாசல் ஓரமாகத் தங்கை மகள் புதுத் தாலியோடு தலை குனிந்து நின்றிருந்தாள். சுற்றி அத்தனை நாற்காலி காலியாக இருந்தும், உட்காரச் சொல்லி ஒருவரும் கூப்பிடவில்லை. நான் ஒன்றை எடுத்துப் போய் அவளுக்குப் பக்கத்தில் போட்டு, தோளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

“ஆமாலா, நல்லவேளை” என்று பின்னால் வந்த தங்கையிடம் சொன்னேன்.