பனியன் போடாத சேவை

ரெட்டிபாளையம் ராசாங்கம் ஒரு சிமெண்டு ஆலையின் லாரி யார்டில் முப்பது வருசம் டோக்கன் கொடுத்தவர். எந்த லாரி முன்னே, எது பின்னே என்று அவர் கை காட்டினால்தான் மூட்டை ஏறும். ரிடையரான மறுநாளே மனுசன் சுருண்டுவிட்டார். ஒரு வருசமாகக் கட்டிலும் அவரும்தான். மூச்சு இருக்கிறதா என்று மனைவி மலர்க்கொடி அடிக்கடி எட்டிப் பார்த்துக்கொண்டாள்.

மகள் கவியா போனில் சொன்னாள். "அப்பா, டவுன்ல சேவைக் குழு இருக்காம். நாலு பேருக்கு ஒதவுனா மனசு லேசாவுமாம்."

"ஆமா, ஒரு வாழப்பழத்த எட்டுப் பேரு புடிச்சுக்கிட்டுப் போட்டோ எடுப்பானுவ. அந்தப் பழத்துக்குத்தான் மனசு லேசாவும்!"

பிரஷர் மாத்திரைக்காக அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போனால், அந்தக் குழுவே அங்கு நின்றது. மஞ்சள் பனியன், பேனர், பல்லிளிப்பு. அவர்கள் முதுகுக்குப் பின்னால், குன்னத்திலிருந்து வந்த பாப்பாத்தி இரண்டு மணி நேரமாக மாத்திரை வரிசையில் கால்கடுக்க நின்றாள்.

"ஏம்மா, சீட்டு எங்க? டாக்டரப் பாத்தியா?" என்றார் ராசாங்கம்.

"இல்லீங்க. எல்லாரும் நின்னாங்க, நானும் நின்னேன்."

"நல்லா நின்ன போ! லோடே ஏத்தாம எடை மேடைக்கு வந்த லாரி கணக்கா!"

திட்டிக்கொண்டே சீட்டு போடும் இடத்தில் கொண்டுபோய் விட்டார். அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர் வந்தார்கள். அரை மணியில் வராந்தா யார்டாகிவிட்டது. "கைப்புள்ளக்காரி முன்னால போ! நீ பின்னால வாய்யா!" மறுநாள் மாத்திரை வாங்க வேண்டிய வேலையே இல்லை, ஆனாலும் போனார்.

மூன்றாம் நாள் குழுத் தலைவன் அறிவரசன் வந்தான். "சார், நம்ம பனியனப் போட்டுக்கங்க. ஒரு போட்டோ எடுத்துக்கலாம்."

"அத நீயே போட்டுக்க தம்பி. ஒனக்குத்தான் எடுப்பா இருக்கு."

அவன் நேரே நர்ஸ் கமலவேணியிடம் போனான். கண்டவரெல்லாம் இங்கே அதிகாரம் பண்ணுகிறார்கள் என்று முறையிட்டான். வரிசையைக் காட்டிய கையை ராசாங்கம் இறக்கிக்கொண்டார். துரத்திவிட்டால் மறுபடியும் அந்தக் கட்டில்தான்.

கமலவேணி வரிசையைப் பார்த்தாள். "அவரு பேருகூட எனக்குத் தெரியாதுங்க. ஆனா மூணு நாளா நான் ஒருத்தரையும் திட்டல, எல்லாரையும் அவரே திட்டிட்டாரு. நீங்க அந்த பேனரக் கொஞ்சம் நவுத்துங்க தம்பி, சனம் போவ வழியில்ல."

வீட்டில் மலர்க்கொடி கேட்டாள். "என்னங்க, மனசு லேசாச்சா?"

"மனசாவது மண்ணாங்கட்டியாவது! தொண்ட கட்டிப்போச்சு. காலைல மொத பஸ்ஸு எத்தன மணிக்குன்னு விசாரி. நான் போறதுக்குள்ள அதுங்க தப்பு வரிசையில போயி நின்னு தொலைக்கும்."