மா யோங்சுன் துடைத்த கதவு

மூன்றாவது பேட்டரியை மா யோங்சுன் கக்கத்தில்தான் வைத்திருப்பார். ஒன்று கார் பாலீஷ் மெஷினில், ஒன்று பெட்டியில், இன்னொன்று கம்பளிச் சட்டைக்குள். டிசம்பர் குளிரில் பெட்டியிலேயே கிடந்த பேட்டரி இருபது நிமிடம் ஓட வேண்டியதைப் பன்னிரண்டில் முடித்துக்கொள்ளும். "கொஞ்சம் உடம்புச் சூடு காட்டணும். இல்லன்னா முறைச்சுக்குது" என்பார்.

ஐம்பத்து மூன்று வயதுப் பெண்மணி. சாங்வோன் நகரத்து அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கீழ்த்தள வாகன நிறுத்தங்கள்தான் அவருக்குத் தொழில்கூடம். அங்கே மெஷினைச் செருக பிளக் கிடையாது. அப்படியே இருந்தாலும் நிர்வாக அலுவலகம் செருக விடாது. வயரில்லாத மெஷின் கைக்கு வந்த பிறகுதான் பட்டறையை விட்டு இப்படிக் கார் இருக்கும் இடம் தேடிப்போக முடிந்தது. அதற்கு முன் பதினோரு வருடம் வயரை இடது தோளில் போட்டுக்கொண்டு வேலை செய்தவர். இன்றைக்கும் காரின் மூலையைச் சுற்றும்போது தோளை ஒரு வெட்டு வெட்டி, இல்லாத வயரைத் தூக்கிவிட்டுக்கொள்கிறார். "வயரு போயிடுச்சு. தோளுக்குத்தான் யாரும் இன்னும் சொல்லல."

வேலையில் கை தடுமாறாது. ரப்பர் ஓரங்களுக்கு டேப் ஒட்டுவார். மெஷினின் வட்டில் நான்கு பொட்டு பாலீஷ் பசை வைப்பார். மெஷினை ஓடவிடாமலே பசையைத் தொட்டுத் தொட்டுப் பரப்பி, பிறகு மெதுவாக ஓட்டி, அப்புறம்தான் வேகத்தைக் கூட்டுவார். அழுத்தவே மாட்டார். முடிந்ததும் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்து, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, பானெட்டின் மேல் கன்னம் படுகிற அளவுக்குக் குனிந்து பார்ப்பார்.

தடுமாறுவதெல்லாம் திசையில்தான். "மேல இருக்கற வரைக்கும் நான் கெட்டிக்காரி. கீழ இறங்கினா கிழக்கும் இல்ல, மேற்கும் இல்ல." ஒரு முறை காவலாளி அவரைத் துப்புரவுப் பணியாளர் என்று நினைத்து, "படி துடைக்கிறவங்களுக்கு லிஃப்ட் அந்தப் பக்கம்" என்று கைகாட்டினார். தான் தேடும் காருக்குத்தான் வழி சொல்கிறார் என்று நம்பி, நன்றி சொல்லிவிட்டு அந்தப் பக்கமே போய், அரைமணி நேரம் சுற்றினார் யோங்சுன்.

சென்ற டிசம்பரில் தக் சுங்ஹோ என்ற வங்கி ஊழியர் போனில் அழைத்தார். இரண்டாம் கீழ்த்தளம், பதினான்காம் தூண், சாம்பல் நிறக் கார், எண் 6809. யோங்சுன் தூணைக் கண்டுபிடித்தார். சாம்பல் நிறக் காரும் நின்றது. எண்ணில் ஆறும் எட்டும் ஒன்பதும் பூஜ்யமும் இருந்தன. அது போதும் என்று பெட்டியைத் திறந்தார்.

காரில் மூன்று வாரத்துத் தூசி. வலதுபுறப் பின்கதவில் ஒரு முழ நீளத்துக்கு மஞ்சள் நிற உரசல் கோடு. தக் இதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே என்று யோசித்தவர், சரி, இருக்கட்டும் என்று வெள்ளைக் கம்பளி வட்டைப் பொருத்தினார். அந்த ஒரு கோடு மட்டும் ஒரு பேட்டரியை முழுசாகக் குடித்தது. மதியத்துக்குள் கார் மொத்தமும் கண்ணாடியாகிவிட்டது.

அப்போது கையில் சாவியுடன் ஓர் அம்மாள் வந்தார். கூ போகி, எதிர்த் தெருவில் கிம்ச்சி ஊறுகாயும் வறுத்த நெத்திலியும் விற்கும் கடை வைத்திருப்பவர். காரைக் கடந்து போனார், திரும்பி வந்தார், மறுபடியும் போனார்.

"ஏம்மா, இங்க ஒரு அழுக்கு வண்டி நின்னுச்சே, பாத்தியா?"

"நான் காலையில இருந்து இங்கதான் இருக்கேன் அக்கா. அழுக்கு வண்டி எதுவும் வரல."

வழி தவறியவர்கள் மேல் யோங்சுனுக்குத் தனிப் பாசம். மெஷினைக் கீழே வைத்துவிட்டுக் கூடவே தேடப் போனார். இருவரும் பன்னிரண்டாம் தூண் வரை போய்விட்டுத் திரும்பினார்கள். கடைசியில் போகி சாவியை அழுத்த, பளபளத்த கார் கண்ணைச் சிமிட்டியது.

"இது என் வண்டி இல்ல" என்றார் போகி.

"ஆமா, இது தக் சார் வண்டி" என்றார் யோங்சுன்.

போகி மறுபடியும் அழுத்தினார். மறுபடியும் சிமிட்டியது. யோங்சுன் தூணுக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தார். அங்கே இன்னொரு சாம்பல் நிறக் கார். எண் 6809. தன் முன்னால் நிற்பது 6089.

மன்னிப்புக் கேட்க அவர் வாயைத் திறப்பதற்குள் போகியின் பார்வை பின்கதவுக்குப் போய்விட்டது.

"இங்க இருந்த கோடு எங்க?"

"எடுத்துட்டேன் அக்கா. சுத்தமா."

"அடிப்பாவி! அதுக்காகத்தானே மூணு வாரமா கழுவாம வெச்சிருந்தேன்! நாளைக்குக் காலையில இன்சூரன்ஸ்காரங்க பாக்க வர்றாங்க!"

எதிர்வரிசையில் நிற்கும் டேக்வாண்டோ பள்ளியின் மஞ்சள் வேன்தான் இடித்தது என்பது போகியின் வழக்கு. ஓட்டுநர் பாங் தேகில் மறுத்துவந்தார். கேமரா அந்த மூலையைப் பார்ப்பதில்லை. இருந்த ஒரே சாட்சி கதவு.

"அவன்தானே உன்னை அனுப்பினான்?"

"யாரு அக்கா? எனக்கு ஒண்ணுமே புரியல."

பிள்ளைகளை அழைத்துவர வேனை எடுக்கும் நேரம் அது. ஓட்டுநர் பாங்கே வந்துவிட்டார். கதவைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா அக்கா? துடைச்சா போற அழுக்கு. தூணுல நீங்களே உரசியிருப்பீங்க. தூணும் மஞ்சள்தானே?"

"நீ சொல்லும்மா" என்றார் போகி. "தேய்ச்சவ நீ. வேன் பெயிண்ட்டா, தூண் பெயிண்ட்டா?"

இரண்டு பேரும் அவரையே பார்த்தார்கள். ஆயிரம் கதவு தேய்த்தவர்தான். யாரும் இதுவரை அழித்த கோட்டைப் பற்றிக் கேட்டதில்லை. எதையாவது சொல்லித் தப்பிக்கவும் மனம் வரவில்லை. புதுத் துணி ஒன்றை எடுத்துத் தூணின் மஞ்சள் பட்டையில் தேய்த்தார். மாவு மாதிரி உதிர்ந்து துணியில் ஒட்டியது. கழற்றிப் போட்ட கம்பளி வட்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"தூணு இவ்வளவு லேசா வருது. கதவுல இருந்தது வரவே மாட்டேன்னு அடம் பிடிச்சுது. ஒரு பேட்டரி போச்சு."

"அதெல்லாம் ஒரு சாட்சியா?" என்றார் பாங்.

"தெரியல தம்பி. நிஜமாவே எனக்குத் தெரியல. உங்க வேனைக் கொஞ்சம் பாக்கட்டுமா?"

கதவில் கோடு இருந்த உயரம் தன் முழங்காலுக்கு ஒரு சாண் மேலே என்பது உடம்புக்கு ஞாபகம் இருந்தது. வேனின் பம்பர் மூலையில் அதே உயரத்தில் மண்டியிட்டு டார்ச்சைச் சாய்த்தார். பள்ளியின் பெயர் போட்ட ஸ்டிக்கர்கள் வேன் முழுக்க வெளுத்துக் கிடந்தன. இங்கே ஒட்டியிருந்தது மட்டும் புதிது. உள்ளங்கையை வைத்து மெல்லத் தடவினார்.

"அடியில ஏதோ மேடு தட்டுது" என்றார், யாரிடமோ சந்தேகம் கேட்பதைப் போல. பிய்த்துப் பார்க்க அவர் போகவில்லை. அது தன் வண்டி இல்லை. காலையிலிருந்து ஒரு தப்பு போதும்.

பாங் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். போகியைப் பார்த்தார். பிறகு தானே குனிந்து, கட்டைவிரல் நகத்தால் ஸ்டிக்கரின் ஓரத்தைக் கிளப்பினார். சாம்பல் நிறத்தில் ஒரு கோடு.

"வண்டி நிறைய பசங்க அக்கா. ஒரே கூச்சல். இடிச்சதே தெரியல, அப்புறம்தான் பாத்தேன். இடிச்சேன்னு தெரிஞ்சா என்னை மறுபடி பசங்களை ஏத்த விடமாட்டாங்க."

போகி திட்டவில்லை. போனை எடுத்து இரண்டு படம் பிடித்தார். "நாளைக்கு அவங்க வரும்போது நீயே வந்து சொல்லிடு" என்றார் மெதுவாக. பாங் தலையாட்டினார்.

சாம்பல் கோட்டின் மேல் டார்ச் வெளிச்சம் விழுந்துகொண்டிருந்தது. மண்டியிட்டபடியே இருந்த யோங்சுனின் வலது கை, துணியோடு, தானாக அந்தக் கோட்டை நோக்கிப் போயிற்று. பாதியில் அதைப் பார்த்துவிட்டவர், கையை வெடுக்கென இழுத்து முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், இடது கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.