உலக்கை விரல்

லிப்ட் பொத்தானில் விளக்கு எரிந்த பிறகும் அவர் விரலை எடுப்பதில்லை. இன்னும் கொஞ்சம் அமுக்குவார். "வந்துக்கிட்டுதான் இருக்கு, அதைப் போட்டு ஏன் நசுக்குறீங்க?" என்பேன். "கை பழகிப்போச்சுப்பா" என்பார். அலுவலகத்தில் அவருக்கு ‘அமுக்கி’ என்று பெயர் வைத்த புண்ணியவான் நான்தான்.

பதிவு செய்த வாத்திய ஒலிகளைக் கீபோர்டில் வாசிக்கவைக்கும் மென்பொருள் எங்களுடையது. கட்டையைத் தொட்ட பிறகு நடப்பது அமுக்கியின் இலாகா. விரல் எடுக்காமல் மேலும் அழுத்த அழுத்த, மெல்லிய பதிவு விலகி உரத்த பதிவு அதன் இடத்துக்கு வரவேண்டும். மாறியது காதுக்குத் தெரியக் கூடாது. "ஒருத்தர் எந்திரிக்கும்போதே அடுத்தவர் உக்காந்துடணும். நாற்காலி சூடு ஆறக் கூடாது" என்பார். அந்த நாற்காலியோடு இரண்டு வருடம் மல்லுக்கட்டினார். "இதை யாருய்யா கேட்டா?" என்று மேலாளர் அலுத்துக்கொண்டார்.

கேட்டவர் அமுக்கியின் அக்கா. குழல் வாசித்தவர், நுரையீரலில் அறுவை சிகிச்சை ஆனபின் ஊத மூச்சில்லை. அதற்கு முன்பு தம்பியின் சோதனைகளுக்காக ஒவ்வொரு சுரத்தையும் மெல்லவும் உரக்கவும் ஊதித் தந்திருந்தார். அவருடைய வாசிப்பில் மிஞ்சியது அவ்வளவுதான்.

போன வாரம் அக்கா வந்தார். கட்டையை அழுத்தினார், மெல்லிய குழல் கேட்டது. இன்னும் அழுத்தினார். அதே மெல்லிய குழல். விரல் நுனி வெளுத்துவிட்டது.

"நான் பலமா ஊதினதை எங்கடா வெச்சே?"

"உள்ளதான் இருக்குக்கா. இன்னும் கொஞ்சம் அமுக்கேன்."

"இதுக்கு மேல தெம்பில்லடா."

அமுக்கியின் முகம் செத்துப்போயிற்று. இரண்டு வருடமும் மனுஷர் தன் உலக்கை விரலையே அளவாக வைத்துச் சோதித்திருக்கிறார்!

அக்காவை அழுத்தச் சொல்லி, திரையில் ஓடிய எண்களைக் குறித்துக்கொண்டார். அக்காவின் முழு பலம் இவருடையதில் கால்வாசிகூட இல்லை. அதையே முழுசாகக் கொள்ளும்படி மாற்றி எழுதினார். இருபது நிமிட வேலை.

அக்கா மறுபடி அழுத்தினார். மெல்லிய ஒலி தடித்து, ஏறி, அறையை நிறைத்தது. கட்டையைப் பிடித்திருக்கும்வரை ஓயாத ஒலி அது. அக்காவோ பாதியில் விரலை எடுத்து, குழல் ஊதும்போது செய்வதுபோலவே மூச்சை உள்ளிழுத்துக்கொண்டு, பிறகு அழுத்தினார்.

எண்களையே பார்த்துக்கொண்டிருந்த அமுக்கி, திரையைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தார்.