ஸ்டீரியோவுக்குள் போன செவ்வரளி

இன்று காலை என் கல்யாணம் கார் ஸ்டீரியோவுக்குள் மாட்டிக்கொண்டது.

சும்மா சொல்லவில்லை. நிஜமாகவே மாட்டிக்கொண்டது.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பெண் பார்க்கக் கிளம்பினோம். நான், அம்மா, தாய்மாமா. இது பன்னிரண்டாவது பெண். (முதல் பதினொன்றைப் பற்றிப் பேச வேண்டாம்.)

இந்தப் பெண்ணை மட்டும் எனக்கு முன்பே தெரியும். போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்து இலை. பரிமாறுகிறவர் என்னைத் தாண்டிப் போனபோது, கூப்பிட்டு எனக்கு அப்பளம் வாங்கித் தந்தவள். அன்றிலிருந்து எனக்கு வேறு நினைப்பே இல்லை. அவளுக்கு என்னைப் பிடித்ததா, அப்பளத்தோடு மறந்துவிட்டாளா என்பதுதான் தெரியாது.

எங்கள் வீட்டில் பூக்கட்டிப் பார்க்காமல் எதுவும் நடக்காது. ஒரு தாளில் சிவப்புப் பூ, இன்னொரு தாளில் வெள்ளைப் பூ. மடித்து சாமி முன்னால் வைத்து ஒன்றை எடுப்பார்கள். சிவப்பு வந்தால் சரி, வெள்ளை வந்தால் வேண்டாம். ஃபிரிட்ஜ் வாங்க இரண்டு தடவை வெள்ளை வந்து, ஒரு கோடை முழுக்க சூடான மோர் குடித்த குடும்பம் நாங்கள்.

அம்மா தாம்பூலத் தட்டு அடுக்குகிற அவசரத்தில் பூவை என்னிடம் கொடுத்து மடிக்கச் சொன்னாள். பெற்ற மகன் மேல் அவ்வளவு நம்பிக்கை.

நான் இரண்டிலும் செவ்வரளி இதழையே வைத்து மடித்தேன்.

(நான் இதை எழுதுகிற இணையப் பக்கத்துக்கெல்லாம் அம்மா வருவதில்லை. வருகிற சொந்தக்காரர்கள் வாயை மூடிக்கொண்டு போகவும்.)

அம்மா கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். ஆண்டாள் சன்னதியில் வைத்துத்தான் பிரிக்க வேண்டும் என்றாள். மிச்சப் பொட்டலம் அவள் பைக்குள் போனது. எடுத்த பொட்டலத்தை, கையில் தட்டு இருந்ததால், காரில் முன்சீட்டில் இருந்த மாமாவிடம் கொடுத்துப் பத்திரமாக வைக்கச் சொன்னாள்.

மாமா ராணுவத்தில் இருபது வருஷம் ஸ்டோர் பார்த்தவர். எந்தத் தாளைக் கண்டாலும் அதை ஓர் இடுக்கில் சொருகினால்தான் அவருக்குத் தூக்கம் வரும்.

எதிரே சிடி போடுகிற இடுக்கு இருந்தது. சொருகினார்.

சிடிதான் வந்திருக்கிறது என்று ஸ்டீரியோ சந்தோஷமாக 'சர்ர்' என்று இழுத்துக்கொண்டது.

கார் எங்களுக்கு வரும்போதே பழசு. அதில் பழுதில்லாமல் ஓடுவது சிடியை இழுக்கிற அந்த ஒரு மோட்டார்தான் என்று இன்றுதான் தெரிந்தது. எஜெக்ட் பட்டனை அமுக்கினேன். 'எரர்' என்றது. இன்னொரு தடவை அமுக்கினேன். அதற்கும் அதே பதில்.

மாமா கொஞ்சமும் அசரவில்லை.

"ஏலே, இதுக்கு ஏன் முழிக்க? மிச்சத்தைப் பிரிச்சுப் பாத்தாப் போச்சு. அதுல செவப்பு இருந்தா உள்ள கெடக்கது வெள்ளை. கணக்கு முடிஞ்சுது."

மிச்சத்தில் இருப்பதும் சிவப்புதான். பிரித்தால் உள்ளே இருப்பது வெள்ளை என்று ஆகிவிடும். சம்பந்தம் காலி. நான் பண்ணின தில்லுமுல்லு எனக்கே திரும்பி வந்து நின்றது.

அம்மா ஒரு வழி சொன்னாள். வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் உள்ளே போனது வெளியே வராவிட்டால் மிச்சத்தைப் பிரிப்பது.

அப்போது மணி ஒன்பதே கால்.

வழியில் ஒரு கடையில் குச்சி ஐஸ் வாங்கி, மாமாவை அவசரமாகத் தின்ன வைத்து, அந்தக் குச்சியில் இருபக்கமும் ஒட்டுகிற டேப்பைச் சுற்றி உள்ளே விட்டேன். பொட்டலம் ஒட்டிக்கொண்டு வரும் என்று ஒரு வீடியோவில் பார்த்த ஞாபகம்.

ஸ்டீரியோ குச்சியையும் இழுத்துக்கொண்டது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு கார் ஆடியோ கடை. கடைக்காரர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன கிடக்கிறது என்று கேட்டார். பூ என்றேன். என்ன பூ என்றார்.

"அதைத்தான் அண்ணாச்சி பாக்கணும்," என்றாள் அம்மா.

அவர் எங்கள் மூன்று பேரையும் ஒருமுறை பார்த்துவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். ஸ்டீரியோவை அப்படியே உருவி, வயரைக் கழற்றி, மேஜையில் வைத்து மேல்மூடியைத் திறந்தார்.

முதலில் ஐஸ் குச்சி வந்தது. அடுத்து இரண்டு பெட்ரோல் பங்க் ரசீது. பிறகு ஓர் அர்ச்சனைச் சீட்டு. எல்லாமே மாமா வெவ்வேறு காலத்தில் பத்திரப்படுத்தியவை. மாமா கடைக்கு வெளியே போய் டயரில் காற்று இருக்கிறதா என்று பார்க்க ஆரம்பித்தார்.

பத்து இருபதுக்கு, ரப்பர் உருளைக்கு அடியிலிருந்து பொட்டலத்தைக் கடைக்காரர் இடுக்கியால் எடுத்தார். பாதி கிழிந்திருந்தது. அம்மா கோபுரம் தெரிகிற பக்கமாகத் திரும்பி நின்று பிரித்தாள்.

சிவப்பு.

என் அம்மா கடைவாசலில் நின்று அழுதாள். தட்டிலிருந்த வாழைப்பழத்தில் ஒரு சீப்பைக் கடைக்காரரிடம் நீட்டினாள். எனக்கும் அழுகை வந்தது, ஆனால் காரணம் வேறு.

"அப்பம் மிச்சத்துல வெள்ளைதான். எதுக்கும் ஒருக்கா பாத்துருவமா?" என்றார் மாமா.

"சாமி வேண்டாம்னு விட்டதைப் பிரிக்கக் கூடாது மாமா," என்றேன். பிறந்ததிலிருந்து இவ்வளவு பக்தியாக நான் பேசியதில்லை. அம்மாவிடம் மிச்சப் பொட்டலத்தை வாங்கி, திருமுக்குளம் வரை ஓடிப்போய்த் தண்ணீரில் போட்டுவிட்டு வந்தேன்.

ராகு காலம் கழிந்து பெண் வீட்டுக்குப் போனோம். காபி முடிந்து, பின்கட்டில் ஐந்து நிமிஷம் பேசிக்கொள்ள விட்டார்கள். நல்லதாக நாலு வார்த்தை யோசித்து வைத்திருந்தேன். அவளைப் பார்த்ததும் எல்லாம் மறந்து, காலையில் நடந்த அத்தனையையும் ஒப்பித்துவிட்டேன். இரண்டு சிவப்பு உட்பட.

அவள் சிரிக்கவில்லை. கதவுப்பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று ஒருமுறை எட்டிப் பார்த்தாள்.

"எங்க வீட்லயும் நேத்து பூக்கட்டிப் பாத்தாக," என்றாள். "செவப்புதான் வந்துச்சு. நான்தான் மடிச்சேன்."